பனியன் கம்பெனியில் ஆபத்துகளைக் கண்டுபிடிப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு செய்முறை

திருப்பூரில் ஒரு தையல் யூனிட்டில் உங்களைச் சூப்பர்வைசராகப் போட்டு, "சேஃப்டியையும் நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு செக்லிஸ்டும் கொடுத்திருப்பார்கள். தீயணைப்பான் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டி இருக்கிறதா என்று வரிசையாக டிக் அடிக்க வேண்டியதுதான். அந்தத் தாளை இப்போதைக்கு மடித்து வையுங்கள். பொருள் இருக்கிறதா என்று மட்டும்தான் அது கேட்கும், வேலை எப்படி நடக்கிறது என்று கேட்காது. ஆட்களுக்கு அடிபடுவதோ வேலை நடக்கும் விதத்தில்.

ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஆரம்பிக்கலாம்.

படி 1: கம்பெனியில் ஏற்கெனவே இருக்கும் தடயங்களைப் பாருங்கள்

விபத்துப் பதிவேட்டைக் கேட்டால் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். அதனால் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எது சீக்கிரம் தீர்கிறது? பேண்ட்எய்டு தீர்ந்துகொண்டே இருந்தால் கட்டிங்கிலோ மெஷினிலோ விரல் வெட்டுப்படுகிறது. தீக்காய மருந்து பிதுக்கிப் பிதுக்கி முடிந்திருந்தால் அயர்னிங் டேபிள் பக்கம் போக வேண்டும்.

அடுத்து, உடைந்த ஊசிப் பதிவேடு. ஏற்றுமதி யூனிட் என்றால் இது கட்டாயம் இருக்கும். ஊசி உடைந்தால் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, மெஷின் நம்பரோடு நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். துணிக்குள் ஊசித்துண்டு சிக்கி, வாங்கும் குழந்தைக்குக் குத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம் இது. அதே நோட்டை டெய்லருக்காகவும் படிக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரே மெஷின் நம்பர் திரும்பத் திரும்ப வருகிறதா? அந்த மெஷினில் உட்காருபவரின் கண்ணுக்கு நேரே ஊசி தெறித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண் பாதுகாப்புத் தகடு இருக்கிறதா என்று முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

படி 2: துணி போகும் வழியிலேயே நடந்து போங்கள்

துணி ரோல் இறங்கும் இடத்தில் தொடங்கி, அட்டைப்பெட்டி வண்டியில் ஏறும் இடம் வரை போங்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடமாவது பேசாமல் நின்று, ஆட்களின் கைகளை மட்டும் பாருங்கள். கை எங்கே போகிறது, எதைத் தொடுகிறது, எப்போது அவசரப்படுகிறது?

கட்டிங்கில் பேண்ட் நைஃப் (துணி அடுக்கை வெட்ட வளையமாகச் சுற்றும் பிளேடு உள்ள மெஷின்) ஓடும்போது மாஸ்டரின் கை பிளேடுக்கு மிக அருகில் போகும். அதற்காகத்தான் இரும்பு வளையங்களால் பின்னிய கையுறை இருக்கிறது. அது ஆணியில் தொங்கினால், "ஏன் போடலை?" என்று அதட்டாமல், ஒரு நிமிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கையைவிடப் பெரிதாக இருக்கும். அல்லது துணி பிடிமானம் தெரியவில்லை என்பார். அப்படியானால் "அளவு பொருந்தாத கையுறை" என்றே நோட்டில் எழுதுங்கள். "தொழிலாளி கவனக்குறைவு" என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் நீங்கள் செய்ய ஒன்றும் இருக்காது.

தையல் லைனில் மோட்டார் பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா, துப்பட்டாவும் பின்னலும் எங்கே தொங்குகின்றன, ஒயர் எங்கே தரையில் ஓடுகிறது என்று பாருங்கள். அயர்னிங்கில் நீராவி, சூடு, ஈரத்தரை.

செக்கிங்கில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னில் இருக்கும் திரவம் என்ன? பல இடங்களில் அது பெயரில்லாத தண்ணீர் பாட்டிலில் இருக்கும். கறை எடுக்க உலகமெங்கும் பயன்பட்டுவந்த டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே கெமிக்கல் கொடுத்தவரிடம் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் 16 பகுதிகள் இருக்கும். முதல் தடவை எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். 2ஆம் பகுதி என்ன ஆபத்து என்று சொல்லும், 4ஆம் பகுதி முதலுதவி, 8ஆம் பகுதி காற்றோட்டமும் கையுறையும் முகமூடியும். இந்த மூன்றும் தெரிந்தாலே ஸ்ப்ரே செய்யும் அக்காவுக்கு உங்களால் உதவ முடியும்.

படி 3: வேறு வேறு நேரத்தில் போங்கள்

காலை பதினொரு மணிக்கு எல்லா யூனிட்டும் ஒழுங்காகத்தான் இருக்கும். ஷிப்மெண்ட்டுக்கு முந்தின நாள் இரவு போய்ப் பாருங்கள், நடைபாதையில் மூட்டை அடுக்கியிருக்கும். கரண்ட் போய் வரும் நேரமும் முக்கியம். மெஷின் நின்ற உடனே சிக்கிய துணியை எடுக்கக் கை உள்ளே போகும். சுவிட்ச் ஆனிலேயே இருந்தால், ஜெனரேட்டர் எடுத்ததும் மெஷின் ஓடும். மெக்கானிக் ரிப்பேர் பார்க்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை கிளீனிங் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

படி 4: கேட்கிற விதத்தை மாற்றுங்கள்

"இங்க ஏதாவது ஆபத்து இருக்குதா?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லீங்க" என்றுதான் பதில் வரும். "புதுசா வந்த ஹெல்பருக்கு முதல்ல எதைச் சொல்லிக் கொடுப்பீங்க?" என்று கேளுங்கள். "அந்தப் பக்கம் கை வைக்காதே, ஷாக் அடிக்கும்னு சொல்லுவேன்" என்று பட்டென்று வரும். பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள். பெண்களிடம் பேச ஒரு பெண்ணே போவது நல்லது. பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருப்பது, சூப்பர்வைசரின் பேச்சு, இரவு வண்டி இறக்கிவிடும் இடம் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அவையும் வேலையிடத்து ஆபத்துகள்தான். நோட்டில் இடம் கொடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும் எளிய சோதனை உண்டு. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டிருக்கும். வருடக்கணக்கில் தினமும் எட்டு மணி நேரம் கேட்டால் காது போய்விடும் அளவு அது. பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்களிடம், வார லீவு முடிந்து வரும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். பஞ்சாலைகளில் வரும் பிஸ்ஸினோசிஸ் என்ற நுரையீரல் நோய் அப்படித்தான் தொடங்கும்.

படி 5: வெளியே போகும் வழியை நீங்களே நடந்து பாருங்கள்

2012 நவம்பர் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே தஸ்ரீன் ஆயத்த ஆடை ஆலையில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அலாரம் அடித்தும் வேலையைப் பாருங்கள் என்று சொல்லப்பட்டதாகவும், வெளியேறும் வழிகள் பூட்டியிருந்ததாகவும் உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். அடுத்த ஏப்ரலில், டாக்கா அருகிலேயே, மாடிகளில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி மூடப்பட்டது, தையல்காரர்கள் மட்டும் மேலே அனுப்பப்பட்டார்கள். ஆபத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் நடந்த சாவுகள் இவை. திருட்டு பயத்துக்காகப் பூட்டிய கதவு உங்கள் யூனிட்டில் இருந்தால் அன்றே முதலாளியிடம் பேசுங்கள், நோட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அப்படி உடனே நிறுத்த வேண்டிய இன்னொன்று, சாயப்பட்டறை இருக்கும் யூனிட்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவது. ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். யாரையும் இறக்காமல், இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யுங்கள்.

படி 6: எழுதுங்கள், வரிசைப்படுத்துங்கள்

"கட்டிங் - ஆபத்து" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "கட்டிங் டேபிள் 2: பேண்ட் நைஃப் அருகே இடது கை, கையுறை பெரிது, மாஸ்டர் இருவர், தினமும்" என்று எழுதுங்கள். பக்கத்தில் இரண்டே கேள்விகள்: நடந்தால் எவ்வளவு மோசம்? நடக்க எவ்வளவு வாய்ப்பு? ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டுப் பெருக்குபவர்கள் உண்டு. போடலாம். ஆனால் உயிர் போகக்கூடியது எதுவோ, எண் சிறிதாக வந்தாலும் அது மேலேதான் இருக்க வேண்டும்.

தீர்வை யோசிக்கும்போது ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாறலாமா, மூடியோ எக்ஸாஸ்டோ போடலாமா, வேலை முறையை மாற்றலாமா என்று இறங்கி வாருங்கள். முகமூடியும் கையுறையும் கடைசி. ஒவ்வொரு வரியிலும் யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று இருக்கட்டும்.

அப்புறம், சரிசெய்த இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போங்கள். புதிதாகப் போட்ட கண் தகட்டைக் கழற்றி டேபிளுக்கு அடியில் வைத்திருப்பார்கள், நூல் கோக்க அது இடைஞ்சலாக இருந்திருக்கும். டெய்லரைத் திட்டாதீர்கள். ஒரு விரலால் தள்ளினால் விலகி, திரும்ப இடத்துக்கு வரும் வகைத் தகடு கிடைக்குமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதை மாட்டும்போது அந்த டெய்லரையே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.