அதே பாவம் மறுபடியும்: இரட்சிப்பு போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

மும்பை தாராவியில் ஆராதனை முடிந்து கட்டிங் சாய் குடிக்கும்போது ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, திரும்பத் திரும்ப அதையே செய்றேன், இரட்சிப்பு போயிடுச்சா?"

முதலில் யோவான் 10:28-ஐயும் (என் ஆடுகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை என்று இயேசு சொல்வது) எபிரெயர் 6:4-6-ஐயும் (ருசிபார்த்தபின் விலகிப்போனவர்களைப் பற்றிய எச்சரிப்பு) சேர்த்தே வாசியுங்கள், ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால்தான் சண்டை. 1618-19இல் நெதர்லாந்தில் டார்ட் சங்கம் என்ற சபைத் தலைவர்களின் மாநாடு கூடியும் தீராத வழக்கு: சீர்திருத்தவாதி கால்வின் வழியினர் இரட்சிப்பு போகாது என்பார்கள், பெந்தெகொஸ்தேகாரர்கள் பலர் போகலாம் என்பார்கள்.

அப்புறம், விழுந்தபின் மனசு உறுத்துகிறதா என்று பாருங்கள். உறுத்தினால், பாவத்தை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ நம்பி அன்றைக்கே அறிக்கையிடுங்கள், நம்பகமான ஒருவரிடம் இன்ன பாவம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள் ("எனக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று பொதுவாகச் சொல்வது நழுவல்தான்). உறுத்தலே நின்றுபோனால்தான் எனக்குப் பயம்.

தம்பி சாய் ஆறும்வரை பேசினான், அவனை அந்தப் பாவத்துக்கு இழுத்த ஆப்பை போனிலிருந்து அங்கேயே அழித்தான்.