பிரிட்டன் எலெக்‌ஷன்ல சம்பள வாக்குறுதிய எப்படி படிக்கணும்?

லீஃப்லெட்ல "சம்பளத்த ஏத்துவோம்"னு இருந்தா, மணிக்கு எத்தன பவுண்டுன்னு நம்பர் இருக்கான்னு மொதல்ல தேடுங்க. 2024 தேர்தல்ல கிரீன் கட்சி எல்லா வயசுக்கும் குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 15 பவுண்டுன்னு நேரா சொன்னாங்க, லேபர் நம்பர் சொல்லல, லோ பே கமிஷன் (குறைஞ்சபட்ச சம்பளம் எவ்வளவுன்னு அரசுக்கு சிபாரிசு பண்ற அமைப்பு) விலைவாசியயும் கணக்குல எடுக்கணும், வயசு பாகுபாட்ட எடுப்போம்னாங்க, கன்சர்வேட்டிவ் நடுத்தர ஊதியத்துல (எல்லார் சம்பளத்தயும் வரிசைப்படுத்துனா சரியா நடுவுல வர்றது) மூணுல ரெண்டு பங்குன்னாங்க.

அடுத்து வயசு, இத விட்றாதீங்க. அப்போ 21 வயசுலேருந்து குறைஞ்சபட்சம் மணிக்கு 11.44 பவுண்டு, 18 முதல் 20 வரைக்கும் 8.60 தான், அதாவது ஒரே சூப்பர்மார்க்கெட்ல பக்கத்துல நின்னு அதே ஷெல்ஃப அடுக்குற 19 வயசு பையனுக்கு மணிக்கு 2.84 பவுண்டு கம்மியா குடுத்தாலும் அப்போ சட்டப்படி சரி தான், எனக்கு இது பச்சை அநியாயமா தான் படுது.

ரேட் மட்டும் போதாது, ஜீரோ அவர்ஸ் கான்ட்ராக்ட்ல (குறைஞ்சது இத்தன மணி நேரம் வேல தருவோம்னு முதலாளி உறுதி குடுக்காத ஒப்பந்தம்) வாரத்துக்கு எத்தன மணி நேரம் வேல கெடைக்கும்னு உறுதி இல்லேன்னா ஏறின ரேட்டும் வாடகைக்கு பத்தாது. வாசல்ல ஓட்டு கேட்டு வர்றவங்ககிட்ட இதையும் புது ரேட் வழக்கமா ஏப்ரல்ல தான் வரும்ங்கறதால எந்த வருஷ ஏப்ரல்லேருந்து ஏறும்னும் கேளுங்க.

அங்க முறையா விசாவுல இருக்குற இந்திய, இலங்கை குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு, மறக்காம ரெஜிஸ்டர் பண்ணிடுங்க.