இயற்கை முத்து, வளர்ப்பு முத்து, போலி முத்து: மூன்றும் எப்படி உருவாகின்றன?

திருச்செந்தூர் கோயில் வாசலில் தொங்குவதும் முத்துமாலைதான். நெல்லை டவுண் நகைக்கடையில் பெட்டியைத் திறந்து காட்டுவதும் முத்துமாலைதான். மூன்று வகை முத்தும் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எதை எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பதும் பிடிபட்டுவிடும்.

படி 1: இயற்கை முத்து

சிப்பி ஓட்டின் உட்புறத்தை ஒட்டி மெல்லிய சதை மடிப்பு ஒன்று உண்டு. ஓட்டை வளர்ப்பது அதன் சுரப்புதான். ஒட்டுண்ணி துளைத்தோ காயம் பட்டோ அதன் செல்கள் சில உடம்புக்குள் போய்விட்டால், அங்கே ஒரு சிறு பையாகி அதே வேலையைத் தொடரும். கால்சியம் கார்பனேட் தகடுகள், அவற்றை ஒட்ட ஒரு புரதம் என அடுக்கடுக்காகப் படிந்து முத்தாகிறது. மணல் விழுந்து முத்தாவது அபூர்வம். கடலடியிலேயே கிடக்கும் சிப்பிக்கு மணலை வெளியே தள்ளத் தெரியாதா என்ன!

கொற்கைக் காலத்திலிருந்து பேர்பெற்ற மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கம் கடைசியாகச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961-இல். அதனால் ‘இப்பத்தான் குளிச்சு எடுத்தது’ என்று யாராவது நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

படி 2: வளர்ப்பு முத்து

இதுவும் அசல்தான், தொடங்கி வைப்பது மட்டும் மனிதன். ஒரு சிப்பியின் சதை மடிப்பைச் சின்னச் சின்னச் சதுரங்களாக நறுக்குவார்கள். இன்னொரு சிப்பியை லேசாகத் திறந்து, உள்ளே கீறி, ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணியையும் ஒரு சதைத் துண்டையும் வைப்பார்கள். துண்டு மணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விலகினால் மணியைச் சுற்றிப் பை உருவாகாது, முத்தும் கிடைக்காது. அப்புறம் கூண்டில் அடைத்துக் கடலில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். சில சிப்பிகள் செத்துப்போகும், சில மணியைத் துப்பிவிடும். 1973-இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இப்படி உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம்.

படி 3: போலி முத்து

சாளை மீன் ஆய்ந்தால் விரலில் வெள்ளியாக ஒட்டுமே, அந்த மினுமினுப்புக்குக் காரணம் குவானின் படிகங்கள். மீன் செதிலிலிருந்து அதைப் பிரித்து அரக்கு மாதிரியான பூச்சில் கலந்து, கண்ணாடி மணியை முக்கி எடுத்து, காயவைத்து, மறுபடி முக்குவார்கள். பூச்சு எத்தனை தடவை ஏறுகிறதோ அவ்வளவு ஆழமான பளபளப்பு. மலிவுச் சரக்கில் பிளாஸ்டிக் மணியும் அபிரகப் பொடிப் பூச்சும் இருக்கும்.

படி 4: சோதனை

முதலில் துளையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். போலியில் துளையோரம் பூச்சு உரிந்தோ மடிந்தோ நிற்கும், உள்ளே கண்ணாடி தெரியும். வளர்ப்பு முத்தில் மணிக்கும் மேலடுக்குக்கும் நடுவே ஒரு கோடு தெரியலாம். அடுத்து, இரண்டு முத்துகளை மெல்ல உரசுங்கள். அசலில் நறநறப்பு தட்டும், போலி வழுக்கும். வினிகர் சோதனை மட்டும் வேண்டாம். அசலாக இருந்தால்தான் அது கரையும்!

இயற்கையா வளர்ப்பா என்பது கண்ணால் பார்த்து உறுதியாகப் பிடிபடாது, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ‘இயற்கை முத்து’ என்று பெரிய விலை சொன்னால், ஆய்வகச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.