வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு: ஆண் பிள்ளைகள் விஷயத்தில் நடக்கும் தவறுகள்

"இவங்க அப்பாவும் லேட்டாத்தான் வளர்ந்தார்" என்று சும்மா இருப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், அளந்தால்தான் தெரியும். நான்கு வயதுக்கு மேல், பருவமடையாத பையன் ஆண்டுக்கு 4 செ.மீ. கூட வளரவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே வேளையில் அளங்கள். காலையில் இருந்த உயரம் மாலையில் சற்றுக் குறையும்.

பகலில் ஒருமுறை ரத்தம் எடுத்து வளர்ச்சி ஹார்மோன் அளவைப் பார்ப்பது வீண் செலவு. அது பெரும்பாலும் ஆழ்ந்த உறக்கத்தில், விட்டுவிட்டுச் சுரப்பது. நல்ல ஆரோக்கியமான பையனுக்கும் பகலில் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். வளர்ச்சி ஹார்மோனால் உடலில் உருவாகும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளின் ரத்த அளவு, எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது (எலும்பு வயது) என்று அறிய இடது கை எக்ஸ்ரே, தேவைப்பட்டால் குளோனிடின் அல்லது குளுக்ககான் மருந்து கொடுத்து ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்கும் தூண்டல் பரிசோதனை, இவைதான் பயன்படும்.

ஆண்குறி சிறிதாக இருக்கிறது என்ற பதற்றத்திலும் குழப்பம் உண்டு. இந்தக் குறைபாட்டில் அடிவயிற்றில் கொழுப்பு சேர்வதால் குறி உள்ளே புதைந்து தெரியும். ஸ்கேலை மேல்பக்கம் எலும்பு தட்டும்வரை அழுத்தி, குறியை மெதுவாக நீட்டி நுனிவரை அளப்பதே சரி. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இது 2.5 செ.மீ.க்குக் கீழே இருந்து, ரத்தச் சர்க்கரையும் இறங்கினால், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியை உடனே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது, "மீசை முளைக்கட்டும்" என்று அவசரப்பட்டு ஆண்மை ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் போடுவது. மீசை வரும், குரல் உடையும், கொஞ்சம் உயரமும் கூடும். ஆனால் அதில் ஒரு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனாக மாறி எலும்பின் வளர்ச்சித் தட்டுகளை மூடிவிடும். மூடியதை எந்த ஊசியும் திறக்காது. வளர்ச்சி ஹார்மோன் மட்டும் குறைந்திருந்தால் பருவம் தாமதமாக, தானாகவே வரும். குழந்தை பெறும் திறனும் பொதுவாகக் கெடாது. 14 வயதிலும் விரையின் கனஅளவு 4 மி.லி.யைத் தொடவில்லை என்றால், விரையை இயக்கும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அவை குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தேவைதான், ஆனால் அதனால் விரை பெரிதாகாது, விந்தணுவும் உருவாகாது; பின்னாளில் குழந்தை வேண்டுமென்றால், எல்ஹெச் போலவே வேலை செய்யும் ஹெச்சிஜி, கூடவே எஃப்எஸ்ஹெச் ஊசிகளுக்குப் போக வேண்டும்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியை ஃப்ரீசரில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். 2 முதல் 8 டிகிரிதான் கணக்கு. தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலடியில் குழி விழும். ஊசி போடத் தொடங்கிய பின் இடுப்போ முட்டியோ வலித்து, பையன் நொண்டினால் விளையாட்டில் பட்ட அடி என்று விடாதீர்கள், தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம்.