100 சதவீத அடைப்பா? அன்றைக்கே திறந்துவிடச் சொல்லாதீர்கள்

ஆஞ்சியோ அறிக்கையில் '100 சதவீத அடைப்பு' என்று பார்த்ததும், "இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடுங்கள்" என்று குடும்பமே பதறும். திடீர் மாரடைப்பில் அந்த அவசரம் சரி. மூன்று மாதத்துக்கு மேல் முழுதாக மூடிக் கிடக்கும் இதயக் குழாய்க்கு அது தேவையில்லை. பக்கத்துக் குழாய்களிலிருந்து கிளைத்த சிறு நாளங்கள் அந்தத் தசைக்கு ஏற்கெனவே கொஞ்சம் ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். யோசிக்க நேரம் இருக்கிறது.

ஆயுள் கூடும் என்று நம்பி இந்த அடைப்பைத் திறக்கும் சிகிச்சைக்குப் படுப்பது அடுத்த தவறு. நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் குறைந்து அன்றாட வாழ்க்கை எளிதாவதுதான் இதுவரை நன்றாகத் தெரிந்திருக்கும் பலன். இப்படி நாள்பட முழுதாக மூடிய குழாய்களை (சுருக்கமாக 'சிடிஓ') பற்றி 2018இல் வெளியான யூரோ சிடிஓ ஆய்வும் அதையே காட்டியது. மருந்திலேயே தொந்தரவு அடங்கிவிட்டால், எதற்காகத் திறக்கிறோம் என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

செய்முறையில் நடக்கும் பெரிய தவறு, எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்கான சாயத்தை ஒரு பக்கம் மட்டும் செலுத்திப் பார்ப்பது. அதில் அடைப்பின் வாசல்தான் தெரியும். மறுமுனைக்கு ரத்தம் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் குழாயிலிருந்து வருவதால், இரண்டு கதீட்டர் (மெல்லிய குழல்) வைத்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் சாயம் விட்டால்தான் அடைப்பின் நீளமும், அதைக் கடக்கச் செலுத்தும் மெல்லிய வயர் போக வேண்டிய திசையும் புரியும். வயர் குழாய்ச்சுவரின் அடுக்குக்குள் நழுவியிருக்கும்போது முன்பக்கமாகச் சாயத்தை அழுத்திச் செலுத்தினால் கிழிசல் இன்னும் நீளும். ரத்தம் ஓடும் திசையிலேயே நேராகப் போகும் முன்வழி ஒத்துவராவிட்டால் சுவருக்குள்ளேயே சுற்றிப்போய் மறுபடி உள்ளே நுழையலாம். துணை நாளங்கள் வழியாகப் பின்னாலிருந்தும் வரலாம். ஒரே வழியில் மணிக்கணக்காக முட்டிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. அன்றைக்கு நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி முயல்வது நல்ல முடிவு. அதைத் தோல்வி என்று நினைத்து மனம் உடையாதீர்கள். இதற்கென்றே பயிற்சி பெற்ற குழுவிடம் போவது மிக முக்கியம்.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இறங்கக் கூடாது. இதில் சாயம் அதிகம் செலவாகும், சிறுநீரகம் தாங்க வேண்டும். எக்ஸ்ரேயும் கூடுதல்தான். கதிர்வீச்சு அளவு 5 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டியிருந்தால் சில வாரம் முதுகுத் தோலைக் கவனியுங்கள். சிவந்தாலோ புண்ணானாலோ சாதாரண அரிப்பு என்று களிம்பு தடவிக்கொண்டிருக்காமல் இந்தச் சிகிச்சையைச் சொல்லிக் காட்டுங்கள்.

குழாயில் துளை விழுந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது சில சமயம் பல மணி நேரம் கழித்தும் தெரியவரும். வார்டுக்கு வந்தபின் தலைசுற்றல், வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். அப்புறம் மாத்திரை: ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இரண்டையும், பல் பிடுங்குவதற்காகக்கூட, இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.