‘பி0171’ குறியீடு: சென்சாரை மாற்றும் முன் ஒரு சோதனை

பெட்ரோல் காரில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனரில் ‘பி0171’ என்ற குறியீடு தெரிந்தால், எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தைவிட எரிபொருள் குறைந்துள்ளது என்று பொருள். உடனே, புகை வெளியேறும் குழாயில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண்செலவு. குறையைக் காட்டிக்கொடுத்ததே அந்தச் சென்சார்தான்.

முதலில் ஸ்கேனரில் ‘ஃபியூயல் ட்ரிம்’ எனப்படும் எரிபொருள் திருத்த அளவை, அதாவது காரின் கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ தருகிறது என்பதைப் பாருங்கள். அது, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஐடிலில் ஓடும்போது கூட்டல் 20 சதவீதம் வரை உயர்ந்திருந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால், என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பு) வழியாகவோ வெடிப்பு விட்ட வேக்குவம் குழாய் வழியாகவோ காற்று உள்ளே கசிவதாகக் கொள்ளலாம். மாறாக, வேகம் கூடக்கூட அது ஏறினால், காற்றளவு சென்சாரில் படிந்த அழுக்கையோ, அடைபட்ட எரிபொருள் ஃபில்டரையோ, வலுவிழந்த பம்ப்பையோ சந்தேகிக்க வேண்டும். காற்றளவு சென்சாரை அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் சுத்தம் செய்து, நன்கு உலர்ந்த பின் பொருத்துங்கள். கார்புரேட்டர் கிளீனர் அதைப் பாழாக்கிவிடக்கூடும்.