ஜிம் ஊசியும் மனச்சோர்வுக் குளிசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடம்பு ஏற்ற ஸ்டீரொயிட், அதாவது ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் ஊசியோ அதைப்போன்ற ஸ்டனோசோலோல் குளிசையோ, எடுக்கும் பெடியங்களைக் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் காணலாம். அவர்களில் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களும் உண்டு. ஒன்றை ஜிம் மாஸ்டர் அறிவார், மற்றதை டொக்டர் அறிவார். இரண்டையும் அறிந்தவர் யாருமில்லை என்பதில்தான் வில்லங்கமே.

ஊசி போடும் வாரங்களில் பலருக்கு மனம் துள்ளும். "எனக்குச் சுகம் வந்திட்டுது" என்று மனச்சோர்வுக் குளிசையை விட்டுவிடுவதுதான் மிக மோசமான தவறு. நித்திரை குறைந்து, சின்னச் சொல்லுக்கும் கோபம் பொங்கினால் அது சுகமல்ல; ஸ்டீரொயிட் தரும் மேனியாவாகவும் (மனம் கட்டுமீறித் துள்ளும் நிலை) இருக்கலாம். ஊசியை நிறுத்தியதும் கதை தலைகீழாகும். உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டெரோன் அடங்கிக் கிடக்கும். மீள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் வரும் சோர்வு தற்கொலை எண்ணம் வரைக்கும் போகக்கூடும். குளிசையும் இல்லையென்றால் பழைய நோயும் கூடவே திரும்பலாம். குளிசையை விடாதவருக்கும் இந்தச் சோர்வு வரலாம். ஊசியைப் பற்றித் தெரியாத டொக்டர், மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டுவார். பாலுறவு ஆசை குறைவதும் அப்படித்தான்: ஃபுளுவோக்ஸெட்டீன், செர்ட்ரலீன் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் அதைச் செய்யும், ஹோர்மோன் சரிவும் செய்யும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் பிரித்தறிவது கடினம்.

1974இல் வெளியான ஓர் ஆய்வில், இமிப்ரமீன் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்த நோயாளிகள் ஐவருக்கு மெத்தில்டெஸ்டோஸ்டெரோன் என்ற ஸ்டீரொயிட்டும் கொடுத்தார்கள். நால்வருக்குக் காரணமற்ற சந்தேகப் பயம் பிடித்தது. ஐந்தே பேர்தான், இருந்தாலும் அலட்சியப்படுத்த எனக்கு மனம் வராது.

ஸ்டீரொயிட்டால் மார்பு வீங்காமலிருக்கத் தமொக்சிஃபென் என்ற மருந்தைப் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மருந்தை ஈரலிலுள்ள ஒரு நொதிதான் வீரியமாக்குகிறது. மனச்சோர்வு மருந்துகளான ஃபுளுவோக்ஸெட்டீனும் பரொக்ஸெட்டீனும் அதே நொதியைத் தடுப்பதால் அதன் வீரியம் குறையலாம். வாயால் எடுக்கும் ஸ்டீரொயிட்டுகள் பல ஈரலைச் சிதைக்கும். டுலொக்ஸெட்டீன் என்ற மனச்சோர்வு மருந்தும் ஈரலைத் தாக்கலாம் என்பதால், அதை எடுப்பவருக்கு இது கூடுதல் ஆபத்து. வென்லஃபக்ஸீன் என்ற மனச்சோர்வு மருந்தும் ஸ்டீரொயிட்டும் சேர்ந்தால் பிரஷர் ஏறலாம், அளந்து பாருங்கள்.

டொக்டரிடம் வெறுமனே "ஸ்டீரொயிட்" என்றால் அவர் ஆஸ்துமாவுக்கான பிரெட்னிசொலோனை நினைக்கக்கூடும். பெயர், அளவு, கடைசியாகப் போட்ட திகதி மூன்றையும் சொல்லுங்கள். முடிந்தால் போத்தலையே காட்டுங்கள். கைமாறி வந்த போத்தலில் லேபிளில் உள்ளதுதான் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. பயத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கியெறியவும் வேண்டாம்: செர்ட்ரலீனையோ வென்லஃபக்ஸீனையோ திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் மின்னடித்தது போன்ற உணர்வும் வரலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள், இரவிலும் எடுப்பார்கள்.